என்ஜிசி 3115: அளந்தால் இ7-ஐ ஒட்டி வருகிறது, அட்டவணையில் எஸ்0 என்று இருக்கிறது. எங்கே தவறுகிறது?

மாலைவெள்ளி

எல்லோருக்கும் வணக்கம். பேரடைகளை வகை பிரிக்கப் பழகி வருகிறேன். படத்தைப் பார்த்து "இது சுருள், இது நீள்வட்டம்" என்று சொல்வதோடு நிற்காமல் அளந்தும் சொல்ல வேண்டும் என்று ஆசை. பொதுவில் கிடைக்கும் ஃபிட்ஸ் கோப்பை (வானியல் படக் கோப்பு) இறக்கி, பைத்தானில் ஃபோட்டூட்டில்ஸ் என்ற நிரல் தொகுப்பை வைத்துச் சம ஒளிக்கோடுகளுக்கு (ஒரே பிரகாசமுள்ள புள்ளிகளை இணைக்கும் கோடுகள்) நீள்வட்டம் பொருத்துகிறேன்.

என்ஜிசி 3115 என்ற பேரடையில் மாட்டிக்கொண்டேன். வெளி விளிம்பில் நீளம் சுமார் 7.2 வில்நிமிடம், அகலம் 2.5. நீள்வட்டப் பேரடைகளை வட்டமான இ0 முதல் மிகத் தட்டையான இ7 வரை எண்ணிடும் ஹபிளின் சூத்திரத்தில் போட்டால் 10 × (1 − 2.5/7.2) = 6.5. இ6-க்கும் இ7-க்கும் நடுவில் நிற்கிறது. சுருள் கை இல்லை, தூசிப் பட்டை இல்லை, நிறமும் முழுக்க மஞ்சள். நீள்வட்டப் பேரடைக்குச் சொல்லும் அடையாளம் எல்லாம் இருக்கிறது. ஆனால் எந்த அட்டவணையைத் திறந்தாலும் எஸ்0, அதாவது சுருள் கை இல்லாமல் வட்டு மட்டும் கொண்ட வில்லை வடிவம் என்றே போட்டிருக்கிறார்கள்.

வட்டு ஒளிந்திருந்தால், ஒளிக்கோடு சரியான நீள்வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் ஏ4 என்ற எண் நேர்மறையாக வரும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். என் வெளியீட்டில் ஏ4 நெடுகப் பூச்சியத்தை ஒட்டியே கிடக்கிறது. வட்டு எங்கே போயிற்று?

சாய்கோணம்

நல்ல பேரடையைத்தான் பிடித்திருக்கிறீர்கள். இதே என்ஜிசி 3115 ஒரு காலத்தில் இ7 என்றே வகைப்படுத்தப்பட்டிருந்தது, அந்த வகைக்கு எடுத்துக்காட்டாகவே இதைக் காட்டினார்கள். உங்கள் அளவீட்டில் குறை இல்லை. அந்த எண் சொல்லும் விஷயம்தான் குறைவு.

ஹபிள் 1926-இல் வகைப்பாட்டை வெளியிட்டபோது, இ என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண் வானில் நமக்குத் தெரியும் நிழலுருவத்தின் தட்டைத்தன்மையைத்தான் குறித்தது. பேரடையின் உண்மையான முப்பரிமாண வடிவத்தை அது சொல்லாது. நாணயத்தை நேராகப் பிடித்தால் வட்டம், விளிம்பைத் திருப்பினால் கோடு. அதே சிக்கல்தான் இங்கேயும். எஸ்0 என்ற பெட்டியை 1936-இல், பேரடை வகைகளை இசைக்கவை போலக் கிளைக்க வைத்து வரைந்த படத்தின் நடுவில் அவர் சேர்த்தபோதுகூட, நீள்வட்டத்துக்கும் சுருளுக்கும் இடையில் இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்ற ஊகமாகத்தான் சேர்த்தார். அந்தப் பெட்டியில் உட்கார வேண்டியவை பலவும் அதுவரை இ6, இ7 என்ற பெயரில் இருந்தன.

உண்மையான நீள்வட்டப் பேரடைகள் அச்சு விகிதம் (அகலம் ÷ நீளம்) 0.3-க்குக் கீழே போவதில்லை என்பதற்குக் காரணமும் உண்டு. சுழற்சியைப் பெரிதாக நம்பாமல், விண்மீன்களின் தாறுமாறான ஓட்டத்தாலேயே தாங்கி நிற்கும் ஒரு திரள் அதற்கு மேல் தட்டையானால் நிலைக்காது. வளைந்து நெளிந்து தானே தடித்துவிடும். ஆகவே உங்கள் அளவீடு அந்த எல்லையை நெருங்கி 6.5 காட்டும்போதே "உள்ளே வட்டு இருக்குமோ" என்று சந்தேகப்பட வேண்டியதுதான்.

ஏ4 பற்றி விவரம் தெரிந்தவர் யாராவது சொல்லுங்கள்.

நாற்கூம்பு

நான் சொல்கிறேன். இந்த இடத்தில் நிறைய பேர் தடுக்கி விழுவார்கள்.

ஆய்வுக் கட்டுரைகளில் ஏ4 என்று எழுதுவது கோசைன் கெழுவை. ஃபோட்டூட்டில்ஸில் (அதற்கு முன்பு ஐராஃப் மென்பொருளின் எலிப்ஸ் கட்டளையிலும்) ஏ என்பது சைன் கெழு, பி என்பதுதான் கோசைன். நீங்கள் பார்க்க வேண்டிய நிரல் பி4. சமச்சீரான பேரடையில் சைன் பகுதி பூச்சியத்தை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் ஏ4 அப்படிக் கிடப்பது பொருத்தம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்பதற்கே சான்று.

பி4 நேர்மறை என்றால் ஒளிக்கோடுகள் இரு முனையிலும் கூராகின்றன, வட்டின் அடையாளம். எதிர்மறை என்றால் மூலைகள் உப்பிப் பெட்டி போல் ஆகின்றன.

இன்னொன்றும் செய்து பாருங்கள். பொருத்திய நீள்வட்டங்களிலிருந்து ஒரு மாதிரிப் படம் கட்டுங்கள். கட்டும்போது உயர் இசைகளை (ஏ4, பி4 போன்ற கெழுக்களை) சேர்க்கும் விருப்பத்தை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மாதிரியே வட்டையும் விழுங்கிவிடும். அசலில் இருந்து அதைக் கழித்து, மிச்சத்தைப் பாருங்கள்.

மாலைவெள்ளி

மிக்க நன்றி அண்ணா. பி4 வரைபடம் போட்டதும் தெளிவாகிவிட்டது. நடுவிலிருந்து வெளியே போகப் போகப் பூச்சியத்துக்கு மேலே எழுகிறது. மிச்சப் படத்தில் நெட்டை அச்சு நெடுகிலும் மெல்லிய வெள்ளைக் கீற்று, அதற்கு இருபுறமும் இருண்ட பட்டை. நான் நீள்வட்டம் என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த மழமழப்புக்குள்ளே கத்தி போல ஒரு வட்டு கிடக்கிறது!

இப்போது அடுத்த சந்தேகம். இது கிட்டத்தட்ட விளிம்புப் பக்கமாகத் திரும்பியிருப்பதால் மாட்டியது. இதே பேரடை நம்மை நேராகப் பார்த்திருந்தால்?

சாய்கோணம்

இ0 அல்லது இ1 என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். நேர்முகமாக இருக்கும் வட்டு பி4-இல் தெரியாது.

அங்கே ஓரளவு கைகொடுப்பது ஒளிச் சரிவு. மையத்திலிருந்து தூரம் கூடக் கூட ஒளி எப்படி மங்குகிறது என்று பாருங்கள். வட்டு என்றால் அடுக்குக்குறிச் சரிவு, சரிவின் வடிவத்தைச் சொல்லும் செர்சிக் எண் 1. நீள்வட்டம் என்றால் தெ வொகுலர் 1948-இல் கண்ட விதியை ஒட்டி, எண் 4-க்கு அருகில். நேர்முக எஸ்0-வில் இரண்டையும் கூட்டினால்தான் கோடு பொருந்தும்: உள்ளே குமிழ், வெளியே வட்டு. இங்கே ஒரு எச்சரிக்கை. வான்பின்னணியைக் கொஞ்சம் அதிகமாகக் கழித்துவிட்டாலே வெளிப்பகுதி செங்குத்தாக விழுந்து, இல்லாத வட்டு ஒன்று முளைத்துவிடும். பெரிய பேரடைகளில் தானியங்கிப் பின்னணியை நம்பாதீர்கள். பேரடையை விட்டு நன்றாக விலகிய இடங்களில் நீங்களே அளந்து கழியுங்கள்.

கதிர்ப்பிரிகை

நிறமாலை இல்லாமல் இந்த வழக்கு தீராது என்பது என் உறுதியான கருத்து. வட்டு சுழலும். சுழலும்போது ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும், மறுபக்கம் விலகும். அந்த வேறுபாடு டாப்ளர் பெயர்ச்சியாக நிறமாலைக் கோடுகளில் பதிவாகிவிடும். என்ஜிசி 3115-இன் வட்டில் வேகம் நொடிக்குச் சுமார் 250 கிலோமீட்டர்.

முன்பு பேரடையின் குறுக்கே ஒரு நீண்ட பிளவை வைத்து ஒரே கோட்டில் வேகம் அளப்பார்கள். இப்போது ஒருங்கிணைப்புல நிறமாலைமானி பேரடையின் முகம் முழுக்கப் புள்ளிக்குப் புள்ளி நிறமாலை எடுத்துவிடுகிறது. லா பால்மாவில் உள்ள 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் சாரோன் கருவியைக் கொண்டு நடந்த அட்லஸ்-3டி ஆய்வு அப்படித்தான் 260 நீள்வட்ட, வில்லை வகைப் பேரடைகளை அளந்தது. அதில் 86 விழுக்காடு வேகமாகச் சுழல்பவை. படத்தைப் பார்த்து "நீள்வட்டம்" என்று எழுதப்பட்டிருந்தவற்றிலேயே சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்த வேகச் சுழலிகள்தான். 2011-இல் வந்த இந்த முடிவை அறிந்த பிறகு, அட்டவணையில் இ என்று கண்டால் "யார் பார்த்தது, எதை வைத்து?" என்று கேட்காமல் என்னால் நகர முடிவதில்லை.

சரியாக நேர்முகமாக இருந்தால் சுழற்சியும் நம் பார்வைக் கோட்டில் தெரியாதுதான். ஆனால் நூறு பேரடைகளை எடுத்தால் அத்தனையும் நமக்கு நேராக முகம் காட்டிக்கொண்டு நிற்காதே. தொகுப்பாகப் பார்க்கும்போது அந்த ஓட்டை அடைபடுகிறது.

மாலைவெள்ளி

நிறத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று பல இடங்களில் எழுதுகிறார்களே? மஞ்சள் என்றால் நீள்வட்டம், நீலம் என்றால் சுருள் என்று.

நாற்கூம்பு

நிறம் விண்மீன்கள் உருவாவதைச் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். 2007-இல் தொடங்கிய கேலக்ஸி ஜூ திட்டத்தில் பொதுமக்கள் நிறத்தைக் கணக்கில் எடுக்காமல் உருவத்தை வைத்து வகை பிரித்தார்கள். அதிலிருந்துதான் சிவந்த சுருள்களும் நீல நீள்வட்டங்களும் தொகுப்பு தொகுப்பாக வெளியே வந்தன.

படத்தின் ஆழமும் முக்கியம். மாலின் 1 என்ற பேரடையின் நடுப்பகுதி மட்டும் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். 1980-களில்தான் அதைச் சுற்றி மிக மங்கலான, பிரம்மாண்டமான வட்டு இருப்பது தெரியவந்தது. அலைநீளமும் அப்படியே. எம்82 நெடுங்காலம் ஒழுங்கற்ற பேரடையாக எழுதப்பட்டிருந்தது. 2005-இல் அண்மை அகச்சிவப்பில் பார்த்தபோது தூசிக்குப் பின்னால் சுருள் கைகள் இருந்தன.

அடுத்து என்ஜிசி 4697-ஐயும் என்ஜிசி 1600-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. முதலாவது இ6, அட்டவணையில் இன்றும் நீள்வட்டம்தான். ஆனாலும் பி4 நேர்மறையாக வரும், உள்ளே மெலிந்த வட்டு உண்டு. இரண்டாவது பெட்டி வடிவம், பி4 எதிர்மறை, சுழற்சி கிட்டத்தட்ட இல்லை. பொருத்தும் முன் முன்னால் நிற்கும் விண்மீன்களையும் பக்கத்துச் சிறு பேரடைகளையும் மறைத்துவிடுங்கள். ஒரு பிரகாசமான விண்மீன் முனைக்கு அருகில் இருந்தாலே பி4-இன் குறி மாறிவிடும். மூன்றின் பி4 வரைபடத்தையும் ஒரே தாளில் போட்டு இங்கே ஏற்றுங்கள், பார்க்கலாம்.