புதுப்பிப்பு: பெட்ரோல் நிறுவனத்தை மாற்றியதும் கார் உதறியது – காரணம் தெரிந்துவிட்டது

வேறு நிறுவனத்தின் பெட்ரோலுக்கு மாறியதால்தான் என் கார் சிக்னலில் நிற்கும்போது உதறுகிறதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். குற்றம் பெட்ரோலின்மீது இல்லை. மெக்கானிக் கழற்றிக் காட்டிய மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கில் (பெட்ரோலைப் பற்றவைக்கும் பாகம்), வெள்ளைப் பீங்கானின் மீது மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதை மாற்றிய பின், அதே புதிய பெட்ரோலிலேயே வண்டி சீராக ஓடுகிறது.

வெவ்வேறு நிறுவனங்களின் பெட்ரோல் பல நேரங்களில் ஒரே கிடங்கிலிருந்துதான் புறப்படுகிறது என்பதும், லாரியில் ஏற்றும்போது அவரவர் சேர்க்கும் துப்புரவு வேதிப்பொருளில்தான் முக்கிய வேறுபாடு என்பதும் இந்த அலைச்சலில் நான் தெரிந்துகொண்டவை. அந்த வேதிப்பொருள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலும் வால்விலும் கரி படியாமல் காக்கிறது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் இன்ஜின்களில், உள்ளிழுப்பு வால்வின்மேல் பெட்ரோல் படுவதே இல்லையாதலால், வால்வுக்கு அந்தப் பயன் கிடைக்காது. டேங்கில் இரு நிறுவனங்களின் பெட்ரோலும் கலப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை.

மைலேஜ் குறைந்ததாக நான் எழுதியிருந்ததற்கு பெட்ரோலில் கலந்துள்ள எத்தனாலின் அளவு காரணமாக இருக்கலாம்: 10 சதவீதம் கலந்தால் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். பெட்ரோல் தானாகவே முன்கூட்டி வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண் மட்டும் கையேட்டில் சொன்னதற்குக் குறையக் கூடாது; குறைந்தால் இன்ஜினுக்குள் தட்டுவது போன்ற சத்தம் வரலாம்.