ஹைடல்பெர்க்தான் மூத்ததா? யார் சொன்னது?

பழுப்பேடு: நேற்று ஒருவர் இங்கே அளந்திருந்தார்: “ஜெர்மனியின் மூத்த பல்கலைக்கழகம் ஹைடல்பெர்க், 1386. தத்துவத்தின் தாய்வீடு.” தாய்வீட்டை அப்புறம் பார்க்கலாம். எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போப்பின் அனுமதிச் சாசனம் கிடைத்தது 1379. ஏழு வருஷம் முந்தி.

நெக்கர்க்கரை: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அந்தச் சாசனம் தந்தவர், இன்றைய பிரான்ஸின் அவிஞோனில் இருந்துகொண்டு போப் என்று உரிமை கோரிய ஏழாம் கிளமெண்ட். ரோம் அவரைப் போப்பாகவே ஏற்கவில்லை. எர்ஃபர்ட்டில் கதவு திறந்தது 1392இல். தாம்பூலம் மாற்றினதையே தாலி கட்டினதாகக் கணக்கு வைப்பீர்களா?

பழுப்பேடு: 1379.

மாடிப்படி: இரண்டு பேருக்கும் பிராக் நினைவில்லையா? 1348. வியன்னாகூட 1365.

நெக்கர்க்கரை: நான் சொன்னது ஜெர்மனி. பிராக் செக் நாட்டில் இருக்கிறது.

மாடிப்படி: 1386இல் ஜெர்மனி என்று ஒரு நாடு எங்கே இருந்தது? எல்லாமே புனித ரோமப் பேரரசுதானே?

நெக்கர்க்கரை: வரைபடப் பாடம் வேண்டாம். 1386 அக்டோபர் 19, ஹைடல்பெர்க்கின் முதல் ரெக்டர் மார்சிலியஸ் தர்க்கம் நடத்த ஆரம்பித்தார், இன்னொருவர் அரிஸ்டாட்டிலின் இயற்பியல். எர்ஃபர்ட்டோ 1816இல் மூடியது, மறுபடி திறந்தது 1994இல். அதையும் வயதில் சேர்ப்பீர்களா?

பழுப்பேடு: சமயச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூதர் படித்தது எர்ஃபர்ட்டில், ஐயா. உங்கள் தாய்வீட்டில் தத்துவஞானி ஹெகல் தங்கியது 1816 முதல் 1818 வரை. பெர்லின் கூப்பிட்டதும் மூட்டை கட்டிவிட்டார். 1673இல் அழைத்தபோது இன்னொரு தத்துவஞானி ஸ்பினோசா வரவே மாட்டேன் என்றார். தத்துவப் பேராசிரியர் யாஸ்பர்ஸை 1937இல் வீட்டுக்கு அனுப்பியது எந்த ஊர்?

நெக்கர்க்கரை: மனைவி யூதர் என்பதற்காக நாஜி ஆட்சி செய்த காரியம் அது. ஊர்மேல் போடாதீர்கள். அந்த இரண்டு வருஷத்தில்தான் ஹெகலின் ‘கலைக்களஞ்சியம்’ என்ற தத்துவ நூல் வந்தது, 1817இல். முன்பு லைப்சிக் பல்கலைக்கழகம் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் பாதியை மறைத்தீர்கள், மறக்கவில்லை.

சும்மாவந்தவன்: ஹைடல்பெர்க் மலைச்சரிவில் இருக்கும் தத்துவஞானிகள் பாதையில் ஏறிப் பார்த்தேன். மூச்சுதான் வாங்கியது, தத்துவம் ஒன்றும் வரவில்லை. ஹெகல் அங்கே நடந்தாரா?

நெக்கர்க்கரை: அந்தப் பெயர் மாணவர்களால் வந்தது. அந்தக் காலத்தில் எந்தப் படிப்புக்கும் முதலில் தத்துவம் படித்தாக வேண்டும். தெரியாமல் கிண்டல் எதற்கு?

சும்மாவந்தவன்: கேள்விதானே கேட்டேன்!

பழுப்பேடு: கேட்டால் கோபம் வரும் அவருக்கு. 1379.

நெக்கர்க்கரை: பாடம் நடந்ததா, அதைச் சொல்லுங்கள்.

மாடிப்படி: பிராக்குக்கு இன்னும் பதில் வரவில்லை.

நெக்கர்க்கரை: வராது. நான் சொன்னது ஜெர்மனி.