பப்பாளி மாவுப்பூச்சி: தீனி ஏராளம், பூச்சி மட்டும் ஏன் அரிது?

மல்பெரித்தோட்டம்
2008-ல் கோவையில் தென்பட்டு, மரவள்ளி, மல்பெரி, பப்பாளி என்று எல்லாவற்றையும் வெளுக்க வைத்த பூச்சி. இப்போது தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பயிரும் வெயிலும் அதேதான், அது தங்கும் களையான வேலியோரப் பார்த்தீனியமும் குறையவில்லை. எது தடுக்கிறது? அப்படியானால் அடியோடு ஒழியாதது ஏன்?

குளவிக்கண்
சொந்த ஊரான மெக்சிகோவில் அது எப்போதுமே அரிதுதான். 1955-லேயே சேகரித்தும் 1992-ல்தான் பெயர் வைத்தார்கள்; தொந்தரவு தராத பூச்சியை யார் கவனிப்பார்கள்? அங்கே அதை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் (பூச்சியின் உடலுக்குள் முட்டையிட, குஞ்சு உள்ளிருந்தே தின்று கொல்லும்) இங்கே கூடவே வரவில்லை. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று இனங்களைத் தருவித்தார்கள். நன்றாக வேரூன்றியது அசெரோபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம். ஒருமுறை தோலுரித்த இரண்டாம் பருவ மாவுப்பூச்சிக் குஞ்சைத்தான் விரும்பிக் குத்தி முட்டையிடும். மாவுப்பூச்சிக்கு முட்டையிடும் வயது வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

ஒழியாததற்குக் காரணம் இடைவெளி. ஒரு செடியில் குளவி துடைத்தெடுப்பதற்குள் சில இளங்குஞ்சுகள் காற்றில் பறந்து வேறு செடிக்குப் போயிருக்கும். குளவி அங்கே வந்து சேரும்வரை அவை பிழைக்கும்.

ஈரோட்டு வயல்
பூச்சி திரும்ப எகிறும் வயல்களில் முதலில் மருந்துக் கணக்கைக் கேளுங்கள். புரோபெனோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் மாவுப்பூச்சியின் மெழுகுப் பூச்சையும் முட்டைப்பையையும் தாண்டி முழுசாக இறங்காது. குளவிக்கு அந்தக் கவசம் கிடையாது. எறும்பு மொய்த்தாலும் குளவியை அண்டவிடாது.

வெள்ளை தெரிந்ததும் கைலென்ஸில் பாருங்கள்: உப்பி, பழுப்பேறி, கெட்டியான செத்த மாவுப்பூச்சிக் கூடுகளில் குளவி வெளியேறிய வட்டத் துளை இருந்தால் குளவி வேலையில் இருக்கிறது, மருந்து வேண்டாம். துளை இல்லையென்றால் இலையை அகலவாய் பாட்டிலில் போட்டு, மெல்லிய துணி கட்டி, நிழலில் 2–3 வாரம் வைத்து, குளவி வெளிவருகிறதா பாருங்கள். பாலித்தீன் பை கூடாது; வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வேறு மாவுப்பூச்சியோ என்ற சந்தேகமா? ஸ்பிரிட்டில் போடுங்கள், இது கருநீலமாகும்.

களைவண்டு
எல்லா அரிய பூச்சிக்கும் குளவியைக் காரணம் சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் 1940-களில் களையை அழிக்க விட்ட கிரைசோலினா வண்டு, வெயில்படும் நிலத்தில் களையைத் தின்று தீர்த்து, தீனியில்லாமல் தானும் குறைந்தது. இங்கே தீனி கிடக்கிறதே.

பூச்சியைத் தடுப்பது எதிரியா செடியா என்று பிரித்தறிய ஒரே அளவு பூச்சியுள்ள இரண்டு கிளைகளுக்கு மெல்லிய துணி உறை போடுங்கள். ஒன்றை இறுக்கிக் கட்டி, மற்றதன் இரு முனையும் திறந்து விடுங்கள். உறையில்லாத கிளையோடு ஒப்பிட்டால் நிழலும் மழை மறைப்பும் குழப்பும். மூடியதில் மட்டும் பூச்சி பெருகினால் எதிரிதான் காரணம். இரண்டிலும் பெருகாவிட்டால் செடியைக் கவனியுங்கள். கட்டும்போதே குத்துப்பட்ட குஞ்சுகள் உள்ளே இருந்தால் குளவி உறைக்குள்ளேயே வெளிவந்து கணக்கைக் கெடுக்கும். அதனால் முட்டைப்பையிலிருந்து புதிதாக வந்த குஞ்சுகளையே விடுங்கள்.