4.5-ஐ விட்டுட்டு 5.5 கேலிபருக்கு மாறணுமா? குண்டு சிதறுது, உதவி பண்ணுங்க

மயூர்விஹார் முருகன்:
வணக்கம், டெல்லில இருக்கோம். பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ஸ்வப்னில் குசாலே மெடல் வாங்கினதை டிவில பார்த்ததுல இருந்து ரைபிள் ரைபிள்னு ஒரே நச்சரிப்பு, சரின்னு போன மாசம் 4.5 எம்எம் கேலிபர்ல, அதாவது குண்டோட விட்டம் அவ்வளவு, ஸ்ப்ரிங் ஏர் ரைபிள் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். 10 மீட்டர்ல வச்சு சுட்டா பத்து குண்டும் உள்ளங்கை அகலத்துக்கு சிதறுது. கடைக்காரர் 5.5 எடுங்க, கனமான குண்டு நேரா போகும்ங்கறார். ஊர்ல பெரியப்பா அந்தக் காலத்துல .315 வேட்டைத் துப்பாக்கி வச்சு காட்டுப்பன்னி அடிச்சவர், அவரும் சின்ன குண்டு எதுக்குடாங்கறார். கேலிபர்தான் பிரச்னையா? புள்ள அழாத குறையா இருக்கா.

துக்ளகாபாத் தம்பி:
அண்ணா, மாத்தவே மாத்தாதீங்க! 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியே 4.5லதான். அதோட நம்ம நாட்டுல 4.5க்கு மேல போனாலோ குண்டோட சக்தி 20 ஜூல் தாண்டினாலோ ஏர் ரைபிளுக்கும் லைசென்ஸ் வேணும். இந்த 5.5ம் 50 மீட்டர்ல சுடுற .22 எல்ஆரும் (.22 அங்குலம்னா சுமார் 5.5 எம்எம்தான்) ஒண்ணுன்னு நினைச்சுக்காதீங்க, அது வெடிமருந்து தோட்டா, ஸ்வப்னில் சுட்டது அதுல. பெரியப்பா சொல்றது வேட்டைக்கு சரி, மிருகம் துடிக்காம ஒரே அடில விழணும்னா கனமும் வேகமும் வேணும், வெளிநாட்டுல மானுக்கு .308, .30-06னு பெரிய தோட்டா எடுக்கறது அதுக்குத்தான். இங்க வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை கிடையாது. குறி அட்டைல ஓட்டை விழ அவ்வளவு பலம் எதுக்கு? அட்டை நடுவுல இருக்கற பத்து பாயின்ட் புள்ளியே அரை மில்லிமீட்டர், அங்க உதைப்பு கம்மியா இருக்கறதுதான் லாபம். பெல்லட், அதான் ஏர் ரைபிள் குண்டு, அதோட மூக்கு எப்படி இருக்கு?

முருகன்:
கூரா இருக்குப்பா. மேஜை மேல அழுத்தி வச்சு இறுக்கிப் பிடிச்சுதான் சுடறா.

துக்ளகாபாத் தம்பி:
ரெண்டுமே தப்பு அண்ணா. தட்டை மூக்கு பெல்லட் வாங்குங்க, அட்டைல பஞ்ச் அடிச்ச மாதிரி வட்டமா ஓட்டை விழும். ஸ்ப்ரிங் ரைபிள்ல குண்டு குழாயை விட்டு வெளிய வர்றதுக்குள்ளயே துப்பாக்கி முன்னும் பின்னும் குதிக்கும், இறுக்கிப் பிடிச்சா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். விரிச்ச உள்ளங்கைல சும்மா உக்கார வைக்கச் சொல்லுங்க. அந்த அதிர்ச்சில ரைபிளோட மரக்கட்டை ஸ்க்ரூவும் லூசாகும், பாருங்க.

ஜெயா:
முருகன் தம்பி, எங்க வச்சு சுடறீங்க? மொட்டை மாடின்னா தயவுசெஞ்சு நிறுத்துங்க, கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரு பெல்லட் போனா பக்கத்து மாடில துணி காயப்போடறவங்க கண்ணு போயிடும். அட்டைக்குப் பின்னாடி குண்டைத் தடுத்துப் பிடிக்கற இரும்பு டிராப் இல்லாம ஒரு குண்டு கூட வேண்டாம். முடிஞ்சா துக்ளகாபாத் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் ரேஞ்ச்ல விசாரிங்க, என் பையன் அங்கதான் கத்துக்கிட்டான்.

முருகன்:
அக்கா, மாடிலதான், இன்னையோட நிறுத்தியாச்சு. டிராப் வாங்கி ஹால்லருந்து பெட்ரூம் வரைக்கும் கதவைத் திறந்து வச்சு அளந்தோம், கரெக்டா 10 மீட்டர் வருது. முன் ஸ்க்ரூ ஒண்ணு கையாலயே சுத்துச்சு தம்பி! இறுக்கிட்டு தட்டை பெல்லட் போட்டு லேசா பிடிக்கச் சொன்னேன், முதல் இருபது குண்டு அங்கங்க போச்சு, அப்புறம் பத்துல எட்டு ஒரு ரூபா நாணயத்துக்குள்ள. அந்த அட்டையை பெரியப்பாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பிட்டு உக்காந்திருக்கா. ஞாயித்துக்கிழமை ரேஞ்சுக்குப் போறோம்.