புதுப்பிப்பு: பூங்காவுக்கு அக்கம்பக்கத்தார் கருத்துக் கேட்டது

எங்கள் தெருப் பூங்காவைச் சீரமைக்க எல்லோர் கருத்தையும் திரட்டுவது எப்படி என்று கேட்டிருந்தேன். வழி சொன்னவர்களுக்கு நன்றி.

வாட்ஸ்அப் குழுவில் பதில் சொன்னது ஒன்பதே பேர். கைகொடுத்தது, பூங்கா வாசலில் சார்ட் ஒட்டிப் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடும் யோசனைதான். காலையும் மாலையும் பக்கத்திலேயே நின்றேன். எழுதத் தயங்கியவர்கள் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். நான்கே நாளில் சார்ட் நிறைந்துவிட்டது.

எதிர்பாராத விஷயம்: ஊஞ்சலைவிட அதிகம் பேர் கேட்டது கழிப்பறை. அப்புறம், "ஆறரைக்கு மேல லைட் எரியல, அதான் வர்றதில்ல" என்று பெண்கள் பலர் சொன்னார்கள். இது எனக்குத் தோன்றவே இல்லை.

நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் (வார்டு மக்கள் கூடித் தங்கள் பகுதியின் தேவைகளைச் சொல்லும் கூட்டம்) சார்ட்டின் படத்தை மனுவோடு கொடுத்தேன். விளக்கு வந்துவிட்டது. கழிப்பறைக்கு இடம் அளந்து போயிருக்கிறார்கள்.