அறுகோணப் பலகையில எந்தச் சுருதியை ஏத்துறது?

வியாசர்பாடி_கட்டை:
கானா கச்சேரிக்கு கீபோர்டு வாசிக்கிறேன். பாடுறவர் ராத்திரி நாலரைக் கட்டையில (கட்டைன்னா பாட்டோட அடிப்படை ஸ்வர உயரம்) ஆரம்பிப்பாரு. விடியறதுக்குள்ள தொண்டை இறங்கி மூணு கட்டைக்கு வந்துடுவாரு. கறுப்பு வெள்ளையில கட்டை மாறினா விரல் வைக்கிற விதமும் மாறுது. பொத்தானைத் தேன்கூடு மாதிரி அடுக்கின அறுகோணப் பலகையில எங்க நகர்த்தினாலும் பாட்டு அதே உருவம்தான். அதான் 61 பொத்தான்ல ஒண்ணு செய்யறேன். பொத்தானை அடுக்கற அமைப்பு விக்கி-ஹேடன்: சட்ஜத்துக்கு (ஸ) வலப்பக்கம் சதுச்ருதி ரிஷபம் (ரி), மேல் வலது பஞ்சமம் (ப), மேல் இடது மத்தியமம் (ம). அதுல தமிழிசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதரோட 24 சுருதியை ஏத்தப் போறேன். 1917ல வந்த கருணாமிர்த சாகரம்ங்கிற நூல்ல ஸ்தாயிக்கு (ஸ-வுல இருந்து மேல் ஸ வரைக்கும்) 24 சம சுருதின்னு அவர் வாதாடினதுதான் எனக்குச் சரின்னு படுது.

பெரம்பூர்_கணக்கு:
தம்பி, பொத்தானை ஒட்டாதே, நிறுத்து. 24ல சட்ஜத்துல இருந்து ரிஷபம் 4 சுருதி தள்ளி, மத்தியமம் 10, பஞ்சமம் 14. மூணுமே இரட்டைப்படை. எந்தப் பக்கம் எத்தனை பொத்தான் நடந்தாலும் ஒற்றைப்படைச் சுருதி வரவே வராது. பாதி காணாமப் போயி, மிஞ்சறது சாதா கீபோர்டோட 12தான். வலது பொத்தானுக்கு 4 சுருதி, மேல் வலது 3ன்னு வை. கீழ் வலது 1 ஆயிடும், 24ம் கிடைக்கும்.

ஆனா எனக்கு 24லயே சம்மதம் இல்ல. அந்தர காந்தாரத்தோட அதிர்வு சட்ஜத்தைப் போல 5/4 மடங்கு, அதாவது 386 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்). 24ல இருக்கறது 350, விட்டா 400. 53 பாகமாப் பிரிச்சா 17வது பாகம் 385ல நிக்குது, பஞ்சமம் 31ல. சுத்த பஞ்சமத்துக்கும் அதுக்கும் ஒரு சென்ட்டுல பத்துல ஒரு பங்குகூட வித்தியாசம் இல்ல. இங்கிலாந்துல பொசான்கேங்கிற இசைக் கோட்பாட்டாளர் 1870கள்லயே 53க்கு ஆர்மோனியம் செய்ய வெச்சாரு. வலது 9, மேல் வலது 5, கீழ் வலது 4ன்னு வை. ரெண்டு வரிசை தள்ளி நேர் மேல இருக்கிற பொத்தான் சரியா 1 பாகம். ஸ்தாயியை 22 சுருதியாப் பிரிக்கறவங்க சொல்ற பிரமாண சுருதிங்கிற சின்ன இடைவெளி கிட்டத்தட்ட அதுதான்!

ராயபுரம்_பெட்டி:
நாப்பது வருஷமா ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிறவன் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் புள்ளி வெச்சுட்டு இருக்கீங்க, பாட்டு புள்ளியில இல்ல. தோடி ராகத்துக் காந்தாரம் ஒரு இடத்துல நிக்குதா? கமகம் (ஸ்வரத்தை அசைச்சு இழுக்கறது) வராதுன்னுதானே ஆர்மோனியத்தைக் குறை சொன்னாங்க? 1940ல ரேடியோவுல தடையே போட்டாங்க, 1971லதான் தளர்த்தினாங்க. அந்தக் குறை 12 படியில இருந்தா 53 படியிலயும் இருக்கும். படி படிதான்.

வியாசர்பாடி_கட்டை:
அண்ணே, இழுப்பு இல்லாம கானாவே இல்ல, ஒத்துக்கறேன். ஆனா இழுப்பு போய் நிக்கிற இடம்னு ஒண்ணு இருக்குல்ல? பாடுறவர் சாவு வீட்டுல காந்தாரத்துல நின்னு அழுவாரு. நான் கீபோர்டுல 400ல, அதாவது 14 சென்ட் மேல பிடிச்சிருப்பேன். ரெண்டும் உரசறது ஸ்பீக்கர்ல தனியா கேக்கும். வாசிக்காம கையை எடுத்துடுவேன். அந்த இடத்துல கையை எடுக்கறது எனக்கு வலிக்குது.

பெரம்பூர்_கணக்கு:
பெட்டி அண்ணன் சொல்ற இழுப்புக்கும் வழி இருக்கு. லின்ஸ்ட்ருமென்ட்னு ஒரு மின்னணு வாத்தியத்துல 200 கட்டம். விரலை நகர்த்தினா ஸ்வரமும் நகரும். ஒவ்வொரு விரலுக்கும் தனி மிடி சேனல் (வாத்தியத் தகவல் போற பாதை). அந்த முறையை 2018ல பொதுத் தரமாவே ஏத்துக்கிட்டாங்க.

ராயபுரம்_பெட்டி:
அந்த விலைக்கு இங்க எவன் வாங்குவான்? தம்பிகிட்ட இருக்கறது 61. ஸ்தாயிக்கு 53 போனா மிச்சம் 8. பாட்டு ஒண்ணரை ஸ்தாயி கேக்கும்.

வியாசர்பாடி_கட்டை:
53ல இருந்து 22ஐ மட்டும் பொறுக்கினா?

பெரம்பூர்_கணக்கு:
பொறுக்கலாம். ஆனா இடைவெளி 1, 3, 4ன்னு ஏறி இறங்கும். கட்டையை மாத்தினதும் உருவம் உடைஞ்சிடும். நீ பலகை செய்யறதே அந்த உருவத்துக்காகத்தானே? 100 பொத்தானாவது போடு.

வியாசர்பாடி_கட்டை:
சரி, இன்னும் 40 பொத்தான் வாங்க ரிச்சி தெருவுக்குப் போறேன். பெட்டி அண்ணே, பலகை முடிஞ்சதும் உங்க பெட்டியோட வாங்க. பாடுறவரை அந்தக் காந்தாரத்துல நிக்கச் சொல்லி ரெண்டையும் வாசிப்போம்.

ராயபுரம்_பெட்டி:
வரேன். தோடியும் பாடச் சொல்லு.