குழந்தையின் குறட்டைக்கு மேலண்ணத்தை விரிக்கும் கருவி தீர்வாகுமா?

கேள்வி:
எட்டு வயதாகும் என் மகள் வாயைத் திறந்தபடியே குறட்டை விட்டுத் தூங்குகிறாள். சில நேரம் குறட்டை சட்டென நின்று, மார்பு மட்டும் ஏறி இறங்கி, பிறகு ஒரு திணறலோடு மூச்சு திரும்புகிறது. பற்கள் நெருக்கியடித்து முளைத்திருப்பதால் பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டினோம். மேலண்ணம் குறுகியிருப்பதாகவும், கருவி பொருத்தி விரித்தால் குறட்டையும் அடங்கிவிடும் என்றும் அவர் சொல்கிறார். உடனே தொடங்கிவிடலாமா?

பதில் 1:
நான் பல் சீரமைப்பு மருத்துவர். மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்புறமாக விழும் அளவுக்கு அண்ணம் குறுகியிருந்தால், இந்த வயது சிகிச்சைக்கு ஏற்றதே. அண்ணத்தின் நடுவே ஓடும் எலும்பு இணைப்பு பதின்வயதில் மெல்ல இறுகிவிடும். இப்போது கருவியில் உள்ள திருகைச் சாவியால் ஒரு முறைக்குக் கால் மில்லிமீட்டர் வீதம் திருப்பி அதை விலக்கலாம். அண்ணமே மூக்கின் தரையாகவும் இருப்பதால் மூக்குப் பாதையும் ஓரளவு அகலமாகும். ஆயினும் மூச்சு நின்று திரும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகு கருவியிலிருந்து தொடங்குவதை என்னால் ஏற்க முடியாது. தூக்கத்தில் மூச்சு தடைபடும் இக்கோளாறைப் பல் சீரமைப்பு மருத்துவர்களாகிய நாங்கள் சந்தேகித்து அனுப்பலாமே தவிர, உறுதி செய்ய வேண்டியவர் பல் மருத்துவர் அல்லாத, உடல் நோய்களைப் பார்க்கும் மருத்துவரே என்பதுதான் அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின் நிலைப்பாடும்.

பதில் 2:
முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வயதில் பெரும்பாலும் அடைப்பது மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு என்ற சதையும், தொண்டையில் உள்ள டான்சிலும் வீங்குவதுதான். ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்யும் தூக்க ஆய்வு, செய்தால் மூச்சு மணிக்கு எத்தனை முறை தடைபடுகிறது என்று தெரியும். பெரியவர்களுக்கு 5 வரை பொருட்படுத்தாமல் விடப்படும் எண்ணிக்கை, குழந்தைகளுக்கு 1 தாண்டினாலே கவனிக்கத்தக்கது. 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகளை ஏழு மாதம் கவனித்தார்கள். டான்சில், அடினாய்டு அறுவை செய்தவர்களில் 79 விழுக்காட்டினருக்கும், செய்யாமல் காத்திருந்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கும் தூக்கப் பதிவு இயல்புக்குத் திரும்பியது. ஆகவே லேசான பாதிப்பு என்றால் அறுவைக்கு அவசரம் இல்லை. அறுவைக்குப் பின்னும் தடை மிஞ்சினால், அப்போது அண்ணத்தை விரிப்பது பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

பதில் 3:
என் மகனுக்கு இந்த வரிசையில்தான் செய்தார்கள். கருவியைத் திருகத் தொடங்கியதும் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். பதற வேண்டாம், அண்ணம் விலகுவதன் அடையாளம் அது. விரித்து முடித்த பிறகும், புதிய எலும்பு நிரம்புவதற்காகக் கருவியைச் சில மாதங்கள் வாயிலேயே விட்டுவைப்பார்கள். அதைக் கழற்றிய பிறகு இன்னொரு தூக்க ஆய்வு செய்யும்படி நீங்களே கேளுங்கள், ஏனென்றால் குறட்டை குறைந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து மூச்சுத் தடை நீங்கிவிட்டதா என்று சொல்ல முடியாது.